இனாம் குடையும் தீபாவளித் துணியும்

தூத்துக்குடித் துறைமுகத்திலே கொழும்புக்குக் கப்பலேற வந்த பிரயாணிகளுக்கு டிக்கட்டை இனாமாகக் கொடுத்து, அது போதாதென்று ஆளுக்கொரு குடையையும் இனாமாகக் கொடுத்த காலம் ஒன்று உண்டு. நேயர்களில் பலருக்கு இந்தச் சரித்திரம் தெரிந்ததே. 1906ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில், ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வக்கீல் வ. உ. சிதம்பரம் பிள்ளை, பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள், ஆக 10 லட்ச ரூபாய் மூலதனம் என்று ஏற்பாடு செய்து, சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். அதுவரையில் அந்தக் கடல்வழியைத் தமது பட்டா நிலம்போல் பாவித்து வந்த பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியார், கட்டணத்தை ஒரு ரூபாயாக இறக்கினார்கள். சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு இறங்கிற்று. அதன்மேல் வெள்ளைக்காரக் கம்பெனியார், காசே வேண்டாம், ஏறிக்கொள்ளுங்கள், குடையும் பிடித்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

குடையை வாங்கிக்கொண்டவர்களை நாம் வைவதற்கில்லை. கொழும்புக்குப் போகும் ஏழைக்கு ஒரு குடை சாமான்ய வஸ்து அன்று. ஆனால் அந்தக் குடைக்கும் ஒரு விலை இருந்தது. அதை வேறு யாரோ கொடுத்தார்கள். பிள்ளையவர்கள் 1908ஆம் வருஷம் சிறை புகுந்தார். கம்பெனி 1911ல் கலைக்கப்பட்டது. 25 ரூபாய் சேர்த்துப் பங்கு வாங்கின சிறு வியாபாரியின் காகிதம் வெறும் காகிதமாயிற்று. போட்டி ஒழிந்த பிறகு இனாம் டிக்கட்டு என்ற பேச்சு எந்தத் துறைமுகத்தில் இருக்கும்? எந்த இனாமைக் கண்டாலும் இதற்கு விலை கொடுப்பவர் யார் என்று முதலில் கேட்டுவிட வேண்டும் என்பதை நமது ஜில்லா இவ்வளவு செலவு செய்து கற்றுக்கொண்டிருக்கிறது. கற்றுக்கொண்டதை நாம் மறந்துவிட்டோமோ என்ற சந்தேகம், ஒவ்வொரு வருஷமும் புரட்டாசி பிறந்து, தீபாவளிக்கு நாள் எண்ணத் தொடங்கும்போது நமக்கு உண்டாகிறது.

புரட்டாசி பிறந்தவுடனே பத்திரிகையைத் திறந்தால் ஜவுளி. தெருவில் இறங்கினால் ஜவுளி. கையிலிருக்கும் தொலைபேசியைத் தொட்டால் ஜவுளி. இரண்டு எடுத்தால் ஒன்று இனாம். இன்றே கடைசி. இன்னும் மூன்றே உருப்படிகள் பாக்கி. இந்தக் கூச்சலின் நடுவே குடும்பத் தலைவன் படுகிற பாடும், அவனைக் காட்டிலும் அவன் மனைவி படுகிற பாடும் நாம் எழுதித் தெரியவேண்டியவை அல்ல. பண்டிகை என்பது மனம் மகிழ்வதற்காக ஏற்பட்டது. அதற்கு முந்தின ஒரு மாதம் தூக்கமின்றிக் கழிகிறதென்றால், எங்கோ கணக்குப் பிசகியிருக்கிறது என்பது நிச்சயம். அந்தக் கணக்கை விசாரிப்பதற்குப் பெரிய பட்டணங்களை விட்டு, புதியம்புத்தூருக்கு நேயர்களை அழைத்துச் செல்ல விரும்புகிறோம்.

புதியம்புத்தூர்

ஒட்டப்பிடாரம் தாலூகாவில், கரிசல் பூமியின் தெற்கு ஓரத்தில் இருக்கிறது இந்த ஊர். வானம் பார்த்த நிலம்; பெரிய ஆறு கிடையாது; பெரிய ஆலை கிடையாது. ஆயினும் ஆயத்த உடை தைப்பதையே ஊர்த் தொழிலாக்கிக்கொண்டு, ‘குட்டித் திருப்பூர்’ என்று பெயர் வாங்கியிருக்கிறது. குழந்தைகளின் கவுன், சட்டை, பெண்களின் இரவு உடை ஆகியவை இங்கே நூற்றுக்கணக்கான சிறு தையற்கூடங்களிலும் வீட்டுத் திண்ணைகளிலும் தைக்கப்பட்டு, தமிழ்நாட்டின் மற்ற ஜில்லாக்களுக்கும் மலையாள நாட்டுக்கும் போகின்றன. சுற்றுவட்டாரக் கிராமங்களின் பெண்கள் பலருக்கு இந்தத் தையல்தான் ஜீவனம். மழை பொய்த்த வருஷங்களில் காடு கைவிட்டாலும் மெஷின் கைவிடவில்லை என்று அவர்கள் சொல்லக் கேட்கலாம்.

தீபாவளிக்கு முந்தின வாரங்களில் இரவு நேரத்தில் அந்தத் தெருக்களில் நடந்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு கதவின் பின்னாலும் மெஷின் ஓடும் சத்தம். ஒருவர் துணியை அடுக்கி வெட்டுகிறார். ஒருவர் கை வைத்துத் தைக்கிறார். ஒருவர் காஜா எடுக்கிறார். ஒருவர் பட்டன் வைக்கிறார். ஒரு கிழவி மடியில் கவுனைப் போட்டுக்கொண்டு பிசிறு வெட்டுகிறாள். கூலி பெரும்பாலும் உருப்படிக் கணக்கு. ஆகவே மணி பத்தானாலும் பன்னிரண்டானாலும் எழுந்திருக்க மனம் வராது. இந்த மாதத்தில் தைத்தால் உண்டு; தீபாவளி கழிந்துவிட்டால் மெஷினுக்குத் துணி போர்த்திவிட வேண்டியதுதான். பிறகு பொங்கலுக்கு முன்பு கொஞ்சம் வேலை. ரம்ஜான், கிறிஸ்துமஸ் சமயங்களில் கொஞ்சம் வேலை. வருஷம் முழுவதற்குமான உழைப்பைச் சில வாரங்களில் பிழிந்தெடுத்துவிட்டு, மற்ற மாதங்களில் கையைக் கட்டி உட்காரவைக்கும் விசித்திரமான தொழில் ஏற்பாடு இது.

இங்கே ஒரு விஷயத்தை ஒதுக்கிவிட்டுப் போக நமது சுதேசி மனம் இடங்கொடுக்கவில்லை. கரிசல் என்றாலே பருத்தி. கருங்கண்ணிப் பருத்தி விளைந்த மண் இது. கோவில்பட்டியில் 1901லேயே விவசாய ஆராய்ச்சிப் பண்ணை ஏற்பட்ட மண் இது. அந்த மண்ணில் நின்றுகொண்டு தைக்கும் துணியோ சூரத்திலிருந்தும் அகமதாபாத்திலிருந்தும் பம்பாயிலிருந்தும் மூட்டையாக வந்து இறங்குகிறது. அதிலும் பருத்தி எவ்வளவு, எண்ணெய்க் கிணற்றில் பிறந்த பாலியெஸ்டர் இழை எவ்வளவு என்று விசாரித்தால் மனம் நோகும். அதைப்பற்றி வேறொரு சமயம் எழுதுவோம்.

காசு வராத மாதம்

தீபாவளி ஐப்பசியில் வருகிறது. கரிசல் காட்டுச் சம்சாரிக்கு ஐப்பசி எப்படிப்பட்ட மாதம்? புரட்டாசிப் பட்டத்தில் உழவுக் கூலி கொடுத்து, விதை வாங்கி, உரம் வாங்கி, உள்ள காசையெல்லாம் மண்ணில் போட்டுவிட்டு, வடகிழக்கு மழையை எதிர்பார்த்து வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிற மாதம். மழை பிடித்தால் அடுத்தாற்போல் களையெடுப்புக் கூலி. பாசியும் உளுந்தும் வீடு வருவது மார்கழி, தையில். கம்பும் சோளமும் தை, மாசியில். பருத்தி வெடித்துக் காசாவது அதற்கும் பிறகு. அதனால்தான் நம் பக்கத்துக் கிராமங்களில் பொங்கலே பெரிய பண்டிகையாக இருந்தது. விளைந்த தானியமும் கையில் புரளும் காசும் இருக்கும்போது கொண்டாடுகிற பண்டிகை அது. தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்து, நாலு பலகாரம் சுட்டு, முடிந்தவர் புதுத்துணி கட்டினார்கள். முடியாதவர் வெளுத்த துணி கட்டினார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை.

இப்போது கேட்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளையைப் பிள்ளை கேட்கிறது. எத்தனை செட் எடுத்தீர்கள் என்று. ஒரு செட் என்று சொல்லும் பிள்ளையின் முகம் வாடுகிறது. மூத்த பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீடாயிருந்தால் தலைதீபாவளிச் சீர். மாப்பிள்ளைக்குப் பட்டு வேஷ்டி, மோதிரம், சம்பந்தி வீட்டில் ஒருவர் விடாமல் துணி. மோதிரத்தின் எடை கொஞ்சம் குறைந்தால் பெண் தலைகுனிந்து நிற்க வேண்டும். இதெல்லாம் தொன்றுதொட்ட வழக்கம் என்று சொல்பவர்கள் தமது பாட்டிமார்களைக் கேட்டுப் பார்க்கட்டும். கடைவீதி வளர்ந்த அளவுக்குத்தான் வழக்கமும் வளர்ந்திருக்கிறது.

ஆக, காசில்லாத மாதத்தில் பெருஞ்செலவு வந்து நிற்கிறது. வழி என்ன? கடன். அந்தக் கடனும் முன்போல் ஊர்ச் செட்டியார் கடையில் ஒரு பற்றுச்சீட்டாக இல்லை. வாரத் தவணைக்காரர் இருக்கிறார். மீட்டர் வட்டிக்காரர் இருக்கிறார். பெண்களைக் குழுவாக உட்காரவைத்து ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர் கட்ட வேண்டும் என்னும் நுண்கடன் கம்பெனிகள் இருக்கின்றன. தொலைபேசியிலேயே ஐந்து நிமிஷத்தில் பணம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். எல்லாரைக் காட்டிலும் சாமர்த்தியசாலி, வட்டியே கிடையாது என்று சொல்லித் தவணைக்குப் பொருள் கொடுப்பவர். 2013ஆம் வருஷம் செப்டம்பரில் ரிஸர்வ் பாங்கு எல்லாப் பாங்குகளுக்கும் ஒரு சுற்றறிக்கை விடுத்து, வட்டியில்லாக் கடன் என்ற ஒன்று உண்மையில் இல்லை என்றும், வட்டியை வேறு பெயரில் மறைத்து வைப்பது வாடிக்கைக்காரரை ஏமாற்றுவதாகும் என்றும் கண்டித்தது. அதன் பிறகும் பெயர் மாறிற்றே ஒழிய ஸ்வரூபம் மாறியதாகத் தெரியவில்லை. முன்பணமாகக் கொடுத்தால் கிடைக்கக்கூடிய தள்ளுபடி ஒன்றை விட்டுக்கொடுத்துவிட்டு, அதே தொகையைத் தவணையாகக் கட்டுகிறவன் வட்டி கட்டாதவனா?

சட்டம் இல்லாமலில்லை. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் முதலியவற்றைத் தடுக்க நமது ராஜ்யத்தில் 2003ஆம் வருஷத்திலேயே சட்டம் செய்யப்பட்டது. குற்றம் ருசுவானால் மூன்று வருஷம் வரை சிறை. கடன் வசூலிப்பவர்களின் நிர்ப்பந்தத்தைத் தடுப்பதற்கென்று 2025ல் சட்டசபை இன்னொரு சட்டமும் இயற்றியது. நுண்கடன் வாங்கும் குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிக்குமேல் கடன் தவணைக்குப் போகக்கூடாது என்று 2022ல் ரிஸர்வ் பாங்கு விதி செய்திருக்கிறது. வக்கீல் தொழிலில் காலந்தள்ளியவன் என்ற முறையில் நாம் ஒன்று சொல்வோம்: சட்டத்தின் உதவியை நாடி வருகிறவர்கள் எல்லாம் முடிந்த பிறகுதான் வருகிறார்கள். வாசற்படியில் நின்று ஒருவன் வைத பிறகு, பத்திரத்தில் கையெழுத்தான பிறகு, வெற்றுக் காசோலை கைமாறிய பிறகு. என்னத்துக்காக வாங்கினீர் என்று கேட்டால், வைத்தியத்துக்கு என்று சொல்பவர் உண்டு. விதைக்கு என்று சொல்பவர் உண்டு. ‘தீபாவளிக்கு’ என்று சொல்பவர் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு சொல்கிறார். நோயாளியைப்போல் அவர் அநுதாபத்தை எதிர்பார்க்க முடியாது என்பது அவருக்கே தெரியும். ஆனால் அவரை அந்தக் கடைக்குள் தள்ளிய கூட்டம், அவர் பக்கத்தில் நிற்பதில்லை.

சேமிப்பு என்ற பெயரில் செலவு

2025ஆம் வருஷம் செப்டம்பர் 22ஆம் தேதி, நவராத்திரி தொடங்கிய நாளில், சரக்கு சேவை வரியின் விகிதங்கள் குறைக்கப்பட்டன. அதற்கு முன்பு 1,000 ரூபாய் வரையிலான ஆடைக்கே 5 சதவீத வரி. அன்று முதல் 2,500 ரூபாய் வரையிலான ஆடைக்கும் 5 சதவீதமே. வரியைக் குறைத்தது நல்ல காரியம். அதை நாம் குறை கூறவில்லை. ஆனால் இதற்குச் ‘சேமிப்புத் திருவிழா’ என்று பெயர் சூட்டினார்களே, அங்கேதான் நமது ஐயம். எப்படியும் வாங்க வேண்டிய சட்டைக்கு வரி குறைந்தால் அது சேமிப்பு. வரி குறைந்தது என்பதற்காக வேண்டாத சட்டையை வாங்கினால் அது செலவு. 2,400 ரூபாய்ச் சட்டைக்கு வரியில் 168 ரூபாய் மிச்சமென்று கணக்குப் போட்டு, வரியோடு 2,500 சொச்சம் ரூபாயைக் கடையில் விட்டுவிட்டு வந்தவர் எதைச் சேமித்தார்? ராஜாங்கமே செலவைச் சேமிப்பு என்று அழைக்கத் தொடங்கிவிட்டால், கடைக்காரர் என்ன பெயர் வைத்து அழைத்தாலும் நாம் ஆட்சேபிக்க வாய் இருக்காது.

தொலைபேசிக் கடைகளின் தந்திரம் இதனினும் நுட்பமானது. 2014ஆம் வருஷம் அக்டோபர் 6ஆம் தேதி பிளிப்கார்ட் கம்பெனியார் தமது முதல் பெருந்தள்ளுபடி நாளை நடத்தியபோது, ஜனங்கள் மொய்த்த வேகத்தில் அவர்களுடைய யந்திரங்களே ஸ்தம்பித்துப்போய், மறுநாள் கம்பெனியின் ஸ்தாபகர்கள் வாடிக்கைக்காரர்களிடம் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதும்படி ஆயிற்று. அந்தக் கூட்டம் அதற்குப் பிறகு குறையவேயில்லை. 2023 நவம்பர் 30ஆம் தேதி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், இப்படிப்பட்ட கடைகள் செய்யக்கூடாத வஞ்சகங்கள் என்று 13 வகைகளைப் பட்டியலிட்டு வெளியிட்டது. அவற்றில் முதலாவதாகக் கூறப்பட்டிருப்பது, இல்லாத அவசரத்தை இருப்பதுபோல் காட்டுவது. கேட்காத சாமானைக் கூடையில் நுழைத்துவிடுவது இன்னொன்று. வேண்டாம் என்று சொல்பவனை வெட்கப்படுத்தும் வாசகத்தை எழுதி வைப்பது மற்றொன்று. சட்டப் புஸ்தகத்தில் இவற்றைப் படித்தபோது நமக்குச் சிரிப்பு வந்தது. இவையெல்லாம் நமது கடைவீதியில் ஜவுளிக்கடைச் சிப்பந்தி வாயால் செய்துவந்த காரியங்களே அல்லவா! ஒரு வித்தியாசம் உண்டு. அந்தச் சிப்பந்தி இரவு ஒன்பது மணிக்குக் கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனான். இந்தச் சிப்பந்தி நமது தலையணைக்கடியில் படுத்திருக்கிறான்.

ஓர் ஆட்சேபம்

இவ்வளவையும் யோசித்துக்கொண்டு, ‘இந்தத் தீபாவளிக்குத் துணி வாங்காதீர்’ என்று தலைப்பிட்டு ஒரு கட்டுரை எழுதிவிடலாம் என்ற உத்தேசத்துடன்தான் நாம் புதியம்புத்தூருக்குப் போனோம். ஒரு வீட்டுத் திண்ணையில் மெஷின் மிதித்துக்கொண்டிருந்த ஐம்பது வயது ஸ்திரீ ஒருத்தி, நமது உத்தேசத்தைக் கேட்டுவிட்டு, தையலை நிறுத்தாமலே சொன்னாள்: “ஐயா, துணியே எடுக்காதீகன்னு பேப்பர்ல எழுதிப்புடாதீக. இந்தச் சோலியிலதான் எங்க வருசமே ஓடுது.”

நமக்குச் சுருக்கென்றது. வாங்காதே என்று வசதியுள்ளவன் உபதேசம் செய்வது எளிது. அந்த உபதேசத்தின் விலையைத் தைக்கிறவள் கொடுக்க வேண்டியிருக்கிறது. இனாம் குடைக்கு யார் விலை கொடுத்தார் என்று கேட்டுத் திரிகிறவன், தன் விரதத்துக்கு யார் விலை கொடுப்பார் என்று கேட்காமல் விடலாமா? வங்கத்துப் பகிஷ்கார காலத்தை வைத்து ரவீந்திரநாத தாகூர் 1916ல் வெளியிட்ட ‘வீடும் வெளியும்’ என்னும் நவீனத்தில் இதே கேள்விதான் கிளப்பப்படுகிறது. அந்நியச் சரக்கைக் கொளுத்துகிற கனவான்களுக்கு நஷ்டமில்லை. சந்தையில் அதை விற்றுப் பிழைத்த ஏழைக்குத்தான் நஷ்டம் என்று அதில் வரும் ஜமீன்தார் வாதிக்கிறார். தேசபக்தர்கள் அப்போது தாகூர் மீது கோபித்துக்கொண்டார்கள். கேள்வி மட்டும் நியாயமாகவே இருந்தது.

அந்த ஸ்திரீயோடு இன்னும் சிறிது நேரம் பேசிய பிறகுதான் விஷயத்தின் மறுபக்கம் நமக்குத் தெரிந்தது. அவள் வேண்டுவது வேலை, அந்தப் பரபரப்பையல்ல. மூன்று வாரம் கண்விழித்துத் தைத்துவிட்டு, கண் எரிச்சலும் முதுகு வலியுமாகத் தீபாவளியன்று படுத்துக்கிடப்பதை அவள் விரும்பிச் செய்யவில்லை. கடைசி நேரத்தில் ஒரே மூச்சாக எல்லாரும் வாங்குவதால், கடைசி நேரத்தில் ஒரே மூச்சாக அவள் தைக்க வேண்டியிருக்கிறது. இரண்டுக்கு ஒன்று இனாம் என்று பட்டணத்துக் கடை விளம்பரம் செய்கிறதே, அந்த மூன்றாவது உருப்படியைத் தைத்தவளுக்கு உருப்படிக் கூலி உண்டா இல்லையா? உண்டு. அப்படியானால் அந்த இனாம் எங்கிருந்து வந்தது? கடைக்காரர் மொத்த வியாபாரியின் விலையை நெருக்குகிறார். அவர் தையற்கூடக்காரரை நெருக்குகிறார். அவர் உருப்படிக்கு எட்டணா குறைத்துக்கொள் என்கிறார். நெருக்குவதற்குக் கீழே யாரும் இல்லாதவள் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாள். குடைக்கு விலை கொடுப்பவர் யார் என்ற கேள்விக்குப் புதியம்புத்தூரில் விடை கிடைத்துவிட்டது.

சரி, இவ்வளவு உழைத்தவளுக்குத் தீபாவளிப் போனஸாவது உண்டா? மில்லில் வேலை செய்பவருக்குச் சட்டப்படி உண்டு. 1965ஆம் வருஷத்துப் போனஸ் சட்டப்படி குறைந்தபட்சம் 8.33 சதவீதம். அந்தச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் ஊதியச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்திருக்கிறது. அதிலும் போனஸ் அத்தியாயம் 20 பேராவது வேலை செய்யும் ஸ்தாபனங்களுக்கே பொருந்தும் என்று எழுதப்பட்டிருக்கிறது. ஆறு மெஷின் போட்ட கூடத்துக்கும், வீட்டுத் திண்ணைக்கும் அது எட்டாது. ஆகவே ஊருக்கெல்லாம் தீபாவளித் துணி தைத்துக் கொடுப்பவள், தன் பிள்ளைகளுக்குத் தீபாவளித் துணி எடுப்பதற்கு, நாம் மேலே சொன்ன அதே வாரத் தவணைக்காரரிடம் போகிறாள். இதைப்பற்றிச் சட்டசபை அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டும். இந்தப் பத்தியைப் படிக்கிற தொழிற்சங்க நண்பர்களும் கவனிக்க வேண்டும்.

1921ஆம் வருஷம் செப்டம்பர் 22ஆம் தேதி மதுரை மேலமாசி வீதியில் மகாத்மா காந்தி தமது உடையைக் களைந்து முழத்துண்டுக்கு மாறிய வரலாற்றை நேயர்கள் நூறு முறை கேட்டிருப்பார்கள். அதன் காரணத்தை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்களோ தெரியாது. வழியில் ரயிலில் கண்டவர்களிடம் அவர் கதரைப்பற்றிப் பேசினார். கதர் வாங்க எங்களிடம் பணமில்லை என்று அவர்கள் சொன்னார்கள். அவர்களுக்கு அவர் கடன் வாங்கிக் கதர் உடுத்தும்படி சொல்லவில்லை. மலிவுத் துணியே போதும் என்று சமாதானமும் சொல்லவில்லை. உடம்புக்கு எவ்வளவு துணி வேண்டும் என்ற கேள்வியையே மாற்றிவிட்டார். எல்லாரும் முழத்துண்டு கட்டுங்கள் என்று இந்தக் காலத்தில் நாம் சொன்னால் நமது வீட்டாரே கேட்கமாட்டார்கள். ஆனால் ஒரு பண்டிகைக்கு ஆளுக்கு எத்தனை துணி என்ற கேள்வியை மாற்றிக் கேட்பது நம்மால் ஆகாத காரியமா?

எப்போது வாங்குவது, எவ்வளவு வாங்குவது

கனடா தேசத்தில் 1992ஆம் வருஷம் முதல் ‘ஒன்றும் வாங்காத நாள்’ என்று ஒரு நாளைச் சிலர் அநுஷ்டித்து வருகிறார்கள். பிறகு வேறு பல தேசங்களுக்கும் அது பரவியது. நல்ல எண்ணந்தான். இருந்தாலும் அது ஆண்டு முழுவதும் கை நிறையச் சம்பளம் வருகிற ஜனங்களுக்கு ஏற்பட்ட விரதம் என்று நமக்குத் தோன்றுகிறது. விதைக் காசைப் பிரித்து எடுத்துத் துணி வாங்குகிற கரிசல்காட்டுக்காரனுக்கு ஒரு நாள் வாங்காமலிருப்பதால் என்ன ஆகப்போகிறது? அவனுக்கு வேண்டியது காலத்தை மாற்றிக்கொள்வது.

கையில் காசு இருக்கும் மாதத்தில் வாங்கலாம். மாசியிலோ பங்குனியிலோ பருத்திக் காசு வரும்போது, கூட்டமில்லாத கடையில், நிதானமாகத் துணியைப் பிரித்துப் பார்த்து, தையலை இழுத்துப் பார்த்து, தீபாவளிக்கான ஒரு உடையை எடுத்து வைத்துக்கொள்ளலாம். அந்த மாதத்தில் வாங்குகிறவர் பெருகினால் அந்த மாதத்தில் மெஷினும் ஓடும். இது நமது கற்பனையல்ல. தமிழ்நாட்டில் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் சத்துணவுத் திட்டத்துப் பிள்ளைகளுக்கு வருஷத்துக்கு நான்கு ஜோடிச் சீருடை தைக்கின்றன. எந்தக் கடைத்தெருப் பரபரப்பும் அந்த வேலைக்குக் காரணமல்ல. வருஷத்தில் இத்தனை பிள்ளைகளுக்கு இத்தனை உடை என்று முன்கூட்டித் தெரிந்த தேவையே காரணம். குடும்பங்களும் அப்படித் தமது தேவையை முன்கூட்டித் தெரிந்துகொண்டால், திண்ணையில் இருப்பவளுக்குக் கண்விழிப்பும் குறையும், கும்பிட்டு நிற்கும் மாதங்களும் குறையும். 1935ல் தொடங்கப்பட்ட கைத்தறிக் கூட்டுறவு ஸ்தாபனமாகிய கோ-ஆப்டெக்ஸில் மாதாமாதம் சிறு தொகை கட்டிவந்து பிறகு துணி எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. ஊர் பேர் தெரியாதவர் நடத்தும் தீபாவளிச் சீட்டில் கட்டிவிட்டு, ஐப்பசியில் அவர் வீட்டுக் கதவில் பூட்டைப் பார்த்துத் திரும்புவதைக் காட்டிலும் இது மேல்.

தலைதீபாவளி விஷயத்தில் நாம் அதிகம் சொல்லப்போவதில்லை. அது மாப்பிள்ளைமார் கையில் இருக்கிறது. இந்தப் பத்திரிகையைப் படிக்கிற இளைஞர்களில் இந்த வருஷம் மாமனார் வீட்டுக்குப் போகிறவர்கள் சிலராவது இருப்பார்கள். மேடையில் சமத்துவம் பேசுகிற அவர்கள், ஒரு கடிதம் எழுதினால் போதும்: மாமா, எனக்கு ஒரு வேஷ்டி போதும், மோதிரம் வேண்டாம் என்று. அந்தக் கடிதத்தைப் பெற்ற மனிதர் அன்றிரவு எப்படித் தூங்குவார் என்று அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். தாயார் கோபிப்பாள், கோபிக்கட்டும்.

லண்டனில் கணக்குப் பரிசோதனை படித்துவிட்டு வந்து, கிராமக் கைத்தொழிலுக்கே வாழ்நாளைக் கொடுத்து, தமது கடைசி வருஷங்களைக் கல்லுப்பட்டி காந்திநிகேதனத்தில் கழித்த ஜே. சி. குமரப்பா, ஒரு பொருளை வாங்குகிறவன் அது எந்த நிலைமையில் உண்டாக்கப்பட்டதோ அந்த நிலைமைக்கும் பொறுப்பாளியாகிறான் என்று 1930களிலேயே வாதித்து வந்தார். கணக்கர் ஆகையால் மலிவு என்ற சொல்லை அவர் லேசில் நம்பவில்லை. ஒரு கவுனின் விலைச்சீட்டில் துணி விலை இருக்கிறது, வரி இருக்கிறது, கடைக்காரர் லாபம் இருக்கிறது; இரவு பன்னிரண்டு மணி இருக்கிறதா என்று பார்க்கிறவர் யார்?

இனி நமது சொந்தக் கணக்கு. இவ்வளவும் எழுதுகிற நமது பத்திரிகையின் தீபாவளிச் சமயத்துப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தால், பாதிக்குமேல் ஜவுளிக்கடை விளம்பரமாகவே இருக்கும். மறைக்கவில்லை. காகித விலைக்கும் அச்சுக்கோப்பவர் சம்பளத்துக்கும் அந்த இரண்டு மாத வருமானம் இல்லாவிட்டால் இந்தப் பத்திரிகை பங்குனியில் நின்றுவிடும். நமது வருஷமும் அந்தச் சோலியில்தான் ஓடுகிறது. ஆகவே விளம்பரமே போடமாட்டோம் என்று வீரம் பேச நமக்கு வகையில்லை. எனினும் விளம்பர இலாகாவாருக்கு இந்த வாரம் ஒரு குறிப்பு அனுப்பியிருக்கிறோம். ‘இன்றே கடைசி’, ‘வட்டியே இல்லை’, ‘ஒன்று இனாம்’ என்ற மூன்று வாசகங்களில் எது இருந்தாலும் அந்த விளம்பரத்தைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். துணி, விலை, கடை இருக்கும் தெரு ஆகியவற்றை எழுதிக் கொடுத்தால் பெரிய எழுத்திலேயே போடுவோம்.

குறிப்பு போய் நாலு நாள் ஆகிறது. மூன்று கடைக்காரர்கள் விளம்பரத்தை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். ஒருவர் வாசகத்தை மாற்றி அனுப்பியிருக்கிறார். அவர் சரக்கு புதியம்புத்தூரில் தைத்ததாம், அதையும் சேர்த்துப் போடலாமா என்று கேட்டிருக்கிறார். போடலாம் என்று தெரிவித்திருக்கிறோம்.